குறை சொல்லும் நாள்

தென்காசியில் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கிருந்த ஓவியர் சங்கத்தில் அவரும் ஓர் அங்கத்தினர். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்கள், கடை போர்டு எழுதுகிறவர்கள், செங்கோட்டையில் நாடகத்துக்குப் படுதா எழுதும் ஒருவர், இவரைப் போல ஸ்டூடியோக்காரர்கள், அவ்வளவுதான். ஆனால் ஐம்பதுகளில் ஆடி மாதம் தவறாமல் குற்றாலத்தில் ஒரு சத்திரத்துக் கூடத்தைக் கேட்டு வாங்கி அவர்கள் நடத்திய கண்காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

சாரல் அடிக்கிற மாதத்தில் யாராவது படம் மாட்டுவார்களா? காகிதமெல்லாம் நமுத்த அப்பளமாகத் தொங்கும். வேறு மாதம் வைக்கலாமே என்று கேட்டால், அப்போது வைத்தால் குரங்குதான் பார்க்க வரும் என்பார்கள். அதுவும் நிஜம்தான். அதனால் கூடத்தின் மூலைகளில் கரி அடுப்பு மூட்டி, முறை போட்டுக்கொண்டு விசிறுவார்கள். சொந்த வீட்டில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண்பிள்ளைகள், அடுத்தவன் படம் கெட்டுவிடக் கூடாதே என்று புகையில் கண் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். சுக்குக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் நானும் எல்லா வருஷமும் போய்விடுவேன்.

திறப்பு விழாவுக்கு ஓர் அதிகாரி வருவார். சின்னப் பிள்ளைகளுக்குப் படப்போட்டி, ஒரு சாயங்காலம் வில்லுப்பாட்டு எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது கடைசி நாள்தான். அன்றைக்கு ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, சீட்டில் பெயர் விழுந்த அங்கத்தினர் கூட்டத்துக்கு முன்னாலேயே அவரைப் படமாக எழுத வேண்டும். முடிந்ததும் மற்றவர்கள் அதில் குறை சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது. எழுதியவர் ‘சரி’ என்ற சொல்லைத் தவிர வேறு பேசக் கூடாது. குறை நியாயமானது என்று பட்டால் அங்கேயே திருத்தலாம். யாரும் குறை சொல்லாத படம் யாரும் பார்க்காத படம் என்பது அவர்கள் கட்சி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்கிற உலகத்தில் இப்படி ஒரு வழக்கத்தை உண்டாக்கியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஒரு வருஷம் சீட்டில் என் வீட்டுக்காரர் பெயர் விழுந்தது. உட்காருவதற்கு அருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் நன்றாக விழுந்து கூட்டம் அலைமோதியது. வரும்படியை விட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார அவருக்கு என்ன பைத்தியமா? அவர் வரவில்லை. தலைவரான கிழ டிராயிங் மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காப்பித் தூக்கோடு நின்ற என்னை உட்காரச் சொன்னார்.

என் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஏழு வயதில் வந்து போனது. எங்கள் கல்யாணப் போட்டோவில் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. நெகட்டிவில் கூராகச் சீவின பென்சிலை வைத்துக் குழியையெல்லாம் இவரே நிரப்பி, என்னை மெழுகுப் பொம்மை ஆக்கிவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒருதரம் கேட்டதற்கு, தொழிலில் எல்லாருக்கும் செய்கிறதுதானே என்று போய்விட்டார். நான் அதை நம்பவில்லை. என் முகத்தைப் பார்க்க இவருக்குக் கூச்சம் என்றுதான் மனசுக்குள் முள்ளாகக் கிடந்தது. ஊர் பார்க்க இன்றைக்கு அது தெரிந்துவிடும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன்.

எண்ணெய் வர்ணத்தில் மளமளவென்று எழுதினார். அந்தக் கையின் ஓட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும். என் மூக்கு, என் மூக்குத்தி, கோபம் வந்தால் நான் உதட்டை மடிக்கிறது எல்லாம் அப்படியே வந்துவிட்டது. படத்தைத் திருப்பி வைத்தார். கன்னம் இரண்டும் பளிங்கு. ஒரு தழும்பு இல்லை.

தலைவர் குறை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூக்கு கோணல், நிழல் தப்பு என்று ஆளுக்கு முந்திக் கத்துகிற கூட்டம், எல்லார் வாயிலும் கொழுக்கட்டை. குறை அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. என்னை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்ற மரியாதை. தலைவர் மறுபடியும் கேட்டார். படுதா எழுதுகிறவர் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப் போனது. இத்தனை பேருக்கு நடுவில் அவர் படம் யாரும் பார்க்காத படம் ஆகிக்கொண்டிருந்தது. எனக்கானால் ஒரு பக்கம் அவர்மேல் ஆத்திரம், ஒரு பக்கம் அவருக்காகப் பதற்றம்.

“நான் சொல்லுதேன் குறை” என்று எழுந்துவிட்டேன். “எம் மூஞ்சியில கிடக்க அம்மைத் தழும்பு ஒண்ணைக்கூட இதுல காணலை.”

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் வழக்கப்படி, “சரி” என்றார்.

மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு படத்தின் முன் உட்கார்ந்தார். நல்லாப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் நாற்காலியில் உட்கார்ந்து வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டினேன். அவர் தலையே நிமிரவில்லை. குனிந்தபடி தழும்பு தழும்பாக வைத்துக்கொண்டே போனார். இப்போதும் பார்க்கப் பிடிக்கவில்லையே பாவிக்கு என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் எழுந்ததும் கூட்டத்துக்கு வாய் திறந்துகொண்டது. காது பெரிசு, கழுத்து கட்டை என்று ஆளாளுக்குச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே சரி சொன்னார். நான் படத்துக்குக் கிட்டே போனேன். புருவத்தை அறுக்கிற தழும்பு, மூக்கோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு, நெற்றிப் பொட்டுக்கு மேலே உள்ளது, எல்லாம் அதது இருக்கிற இடத்தில் இருந்தன. தாடைக்கு அடியில் மட்டும் நான் அறியாத ஒன்று.

“இது எங்கிட்ட இல்லியே” என்றேன்.

அவர் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். “கண்ணாடியில ஒனக்குத் தெரியாது. கொடியில துணி காயப்போட அண்ணாந்து நிப்பேல்லா, அப்பத் தெரியும்.”