ஐம்பது கிலோமீட்டருக்குப் பின்

மோசல் ஆற்றங்கரை ஊரான கோச்செமில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் கெர்னோட் கெல்சன்பெர்க், ஐம்பத்தெட்டு வயதுவரை யாருக்கும் ஆபத்து விளைவித்ததில்லை. விளைவிக்காமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையால் சிலருக்கு ஆயுள் குறைந்திருக்கலாம். அதை அவர் தலையில் போடுவது நியாயமில்லை.

மோசல் வளைவுக் கார் குழுவின் பாதுகாப்புப் பொறுப்பாளர் அவர்தான். ஆண்டுதோறும் போட்டியின்றித் தேர்வாவார். அந்தப் பதவி வேறு யாருக்கும் வேண்டாம் என்பதை அவர் தன்மேல் உள்ள நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார். குழு வருஷத்துக்கு ஒருநாள் மலைமேல் இருக்கும் ரிங் என்னும் கார்ப் பந்தயத் தடத்தை வாடகைக்கு எடுக்கும். பந்தயம் கிடையாது, அவரவர் கார், அவரவர் வேகம், அவரவர் காப்பீடு. காகிதத்தில் அதன் பெயர் ‘ஓட்டுநர் பயிற்சி’.

அன்று காலை வாகன நிறுத்தத்தில் கெர்னோட் நிகழ்த்தும் ஸ்பேசர் பிரசங்கம் பேர்பெற்றது. ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கிற அலுமினியத் தட்டு. வைத்தால் சக்கரம் விரற்கனம் வெளியே தள்ளி நிற்கும். வளைவில் வண்டி உறுதியாக நிற்கும் என்பது வாங்குகிறவர்கள் வீட்டில் சொல்லும் காரணம். பார்க்க எடுப்பாக இருக்கும் என்பது வாங்குகிற காரணம்.

தட்டு வைத்தால் பழைய போல்ட்டு போதாது, தட்டின் கனத்துக்கு நீளமான போல்ட்டு வேண்டும் என்பார். தட்டு ஹப்பின்மேல் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். இரண்டும் சேரும் முகத்தில் துரு, பெயிண்ட், கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது. போதிய இறுக்கம் வந்துவிட்டதென்று டார்க் ரெஞ்சு ‘க்ளிக்’ சொல்லும்வரை போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்குப் பின் மறுபடி இறுக்க வேண்டும். இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கேட்கிறவர்களுக்கு அதுதான் தாங்கவில்லை.

போல்ட்டு தளர்ந்த வண்டியை ஓட்டி வந்தவருக்கு அன்று முழுக்கத் தடை என்ற விதியும் அவர் கொண்டுவந்ததே. போன வருஷம் அதில் மாட்டியவன் அவர் மனைவி ரோஸ்வித்தாவின் தம்பி, திராட்சைமது வியாபாரி ஒட்மார். நாள் முழுக்க வேலியோரம் உட்கார்ந்து பிளம் கேக் தின்றான். மூன்று கிலோ ஏறியதாக அவனே சொன்னான்.

வஞ்சம் வைத்திருந்த ஒட்மார், இந்த வசந்தத்தில் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது கெர்னோட்டின் வெள்ளிநிற ஸ்போர்ட்ஸ் காரைப் பின்பக்கமிருந்து நெடுநேரம் பார்த்தான்.

“என்ன மச்சான், பல் செட்டைக் கழட்டின வாய் மாதிரி இருக்கு? சக்கரமெல்லாம் உள்ள போய்க் கெடக்கு.”

கெர்னோட் தானும் பின்பக்கம் போய் நின்று பார்த்தார். அடுத்த வாரம் ஸ்பேசர் வந்து இறங்கி, வண்டியில் ஏறியது. பின்சீட்டில் திரைத்துணி உருளைகளை அடுக்கி, பாரத்தில் டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்தார். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். பரிசோதகரிடம் காட்டி வண்டிக் காகிதத்தில் பதியவைத்தார். பதிவானதும் எல்லாவற்றையும் மறுபடி கழற்றிவைத்தார். அரங்கேற்றம் ரிங்கில்தான் என்று முடிவு. புறப்படும் அன்று விடியலில் துடைத்து, மாட்டி, ‘க்ளிக்’ கேட்டு இறுக்கினார். இருபது வருஷமாக வரமாட்டேன் என்றிருந்த ரோஸ்வித்தாவையும் இணங்கவைத்தார். நடுவழியில் தனக்கு மயக்கம் வந்தால் வண்டி அநாதையாகக் கூடாதென்று அவள் பெயரை இரண்டாம் ஓட்டுநராகப் பதிந்தும் வைத்தார்.

கோச்செமிலிருந்து ரிங்கின் அடிவாரத்துக்கு நாற்பத்து மூன்று கிலோமீட்டர். சிக்கல் அங்கே முளைத்தது.

ரிங்குக்குக் கீழே உள்ள கிராமத்து ரொட்டிக் கடையில் குழு முழுவதும் கூடியிருந்தது. வெங்காயம் தூவிய, வேகவைக்காத பன்றிக்கறி வைத்த பன்னை மென்றபடி பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒட்மார் சக்கரங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். வந்ததும் வந்தாச்சு, இங்கேயே போல்ட்டை ஒரு தரம் இறுக்கிவிடு மச்சான் என்றான்.

கெர்னோட் வண்டி ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்தார்.

“ஐம்பதுக்குப் பின்னாலன்னு போட்டிருக்கு. இது பின்னால இல்ல, முன்னால.”

முன்னால் இறுக்கினால் என்ன கெட்டுப்போகும் என்று ஒட்மார் கேட்டான். கெட்டுப்போகாது, ஆனால் இறுக்கியதாக ஆகாது என்றார் கெர்னோட். ஏழு கிலோமீட்டர் பாக்கி. ஓட்டுநர் கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. அதைத் தவறவிட்டவருக்கு ரிங்கில் இடமில்லை. கிராமத்தைச் சுற்றிவந்து பாக்கியைத் தீர்த்துவிடலாம் என்று, ரோஸ்வித்தா வாயில் வைத்த பன்னைக்கூட விழுங்கவிடாமல் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு கிலோமீட்டரில் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. ரோடு சரியில்லை என்றார். ரோடு போன மாதம் போட்டது. அடுத்த கிலோமீட்டரில் இடது முன்சக்கரம் தடதடத்தது. தட்டின் கனம், போல்ட்டின் நீளம், பரிசோதகரின் முத்திரை எல்லாவற்றையும் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எதிலும் குறையில்லை. ஆகவே சத்தமும் இல்லை என்று தீர்மானித்தார்.

“கெர்னோட், வண்டிய நிறுத்து.”

“இன்னும் நாலுதான்.”

“நாலுக்குள்ள சக்கரம் தனியாப் போயிடுச்சுன்னா, அதுக்கு ஐம்பது ஆகுற வரைக்கும் பின்னாலயே ஓடுவியா?”

வேகத்தைத் தவழும் அளவுக்குக் குறைத்தார். விதிக்கும் மனைவிக்கும் நடுவே அவர் கண்ட சமரசம் அது. வண்டி தவழ்ந்து கிராமத்துக்குள் மறுபடி நுழைந்து ரொட்டிக் கடை முன்னால் வந்தபோது, ரோஸ்வித்தா கதவைத் திறந்து இறங்கினாள். மடியிலிருந்த டார்க் ரெஞ்சுப் பெட்டியும் அவளோடு இறங்கியது.

“நீ போய் ஐம்பதை முடிச்சிட்டு வா. நானும் இதுவும் இங்க காபி குடிக்கிறோம்.”

ரெஞ்சு இல்லாத ஐம்பதாவது கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலையடிவாரத்தில் தனியாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எஞ்சினை அணைத்தார்.

குழு முழுவதும் பன்னோடு சுற்றி நின்றது. ரோஸ்வித்தா பெட்டியை நீட்ட, கெர்னோட் மண்டியிட்டு முதல் போல்ட்டில் ரெஞ்சை வைத்தார். திரும்பியது. இன்னும் திரும்பியது. ‘க்ளிக்’ வரவில்லை. மெல்லுவதை எல்லோரும் நிறுத்தினார்கள். அரைச் சுற்று போன பிறகு, மனசில்லாமல் வந்ததுபோல் ஒரு ‘க்ளிக்’ கேட்டது.

மீதியும் அப்படியே. ஒட்மார் ஓடிப்போய் ஜாக்கியைக் கொண்டுவந்தான். அந்த உதவி கெர்னோட்டுக்குக் கேலியைவிட அதிகம் வலித்தது. சக்கரத்தைக் கழற்றினார்கள். போல்ட்டிலோ துளையிலோ சேதமில்லை. தட்டை எடுத்தபோது, ஹப்பின் முகத்தில் நகமளவு துணித் துண்டு நசுங்கி ஒட்டியிருந்தது: கோதுமை நிற லினன், ஓரத்தில் நீலப்பூ. விடியலில் ஹப்பைத் துடைக்கக் கடையிலிருந்து எடுத்துவந்த வெட்டுத் துணி. துரு கூடாது, பெயிண்ட் கூடாது, கிரீஸ் கூடாது என்ற பிரசங்கத்தில் திரைச்சீலை மட்டும் விட்டுப்போயிருந்தது.

“இது எங்க சாப்பாட்டு ரூம் திரை,” என்றாள் குழுவிலிருந்த பல் வைத்தியர் வால்ட்ராவுட், குனிந்து பார்த்து. “நல்ல துணின்னுதான் சொன்னீங்க.”

ஹப்பின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்து, மாட்டி இறுக்கினார்கள். பிறகு கெர்னோட் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, பாதுகாப்புப் பொறுப்பாளருக்குரிய குரலில், போல்ட்டு தளர்ந்த வண்டியை ஓட்டி வந்த உறுப்பினர் கெல்சன்பெர்க்குக்கு இன்று முழுக்கத் தடை என்று அறிவித்தார். உறுப்பினர் கெல்சன்பெர்க் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்தத் தட்டுகளோடு ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று வசந்தம் முழுக்கக் கனவு கண்ட மனிதரின் முகம் அவர் கழுத்துக்கு மேல் அப்பட்டமாகத் தெரிந்தது. இந்தத் தரம் விட்டுவிடலாமே என்று ஒட்மாரே சொன்னான். விடுவதற்கு விதியில் இடமில்லை என்றார் கெர்னோட்.

ரோஸ்வித்தா காபியை முடித்தாள்.

“தடை யாருக்கு? ஓட்டி வந்தவருக்கா, வண்டிக்கா?”

கெர்னோட் விதியை மனதுக்குள் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தார். நேர்மையான மனிதர்.

“ஓட்டி வந்தவருக்கு.”

இரண்டாம் ஓட்டுநரான ரோஸ்வித்தா ஓட்டுநர் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு, சாவியை வாங்கிக்கொண்டாள். திராட்சைத் தோட்டச் சரிவுகளில் திரைச்சீலை வேனை இருபத்தைந்து வருஷம் ஓட்டியவள். முதல் சுற்றை மெதுவாக முடித்து, நிறுத்தி, சக்கரங்களை ஆறவிட்டாள். கெர்னோட், ஐம்பது ஆகக் காத்திராமல், மண்டியிட்டு ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தார். ரெஞ்சு வைத்தவுடன் ‘க்ளிக்’. இரண்டாம் சுற்றில் அவள் மெதுவாகப் போகவில்லை. வேலியோரம் ஒட்மார் நீட்டிய பிளம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளிநிறக் கார் வளைவில் படிந்து போவதைக் கெர்னோட் பார்த்தார். பின்னாலிருந்து பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தால் அது தெரிந்திருக்காது.

திரும்பி வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

“கெர்னோட், அடுத்த வருஷத்துக்குள்ள அந்த விதியை மாத்துற உத்தேசம் ஏதாவது இருக்கா?”

யோசிக்க வேண்டும் என்றார் அவர்.

“யோசிக்காத, அப்படியே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் மூன்றாம் சுற்றுக்குப் போனாள்.