செவிலிமேட்டுக்குப் போன வியோனியே

காலை 5.10. ஓசூர் பஸ் ஸ்டாண்டு. மடியில் பை. பையில் பழைய லுங்கியில் சுற்றிய ஒரு பாட்டில். வெள்ளை ஒயின். திராட்சையின் பெயர் வியோனியே. எங்கள் தோட்டத்தில் அது அரை ஏக்கர்தான். இந்த வருஷம் முந்நூறு பாட்டில் வந்தது. அதில் ஒன்று காஞ்சிபுரத்து தேவராஜுக்கு.

அந்தக் கொடிகளை நட்டது அவனும் நானும். பதினோரு வருஷம் ஒரே கொட்டகை. நான் மேஸ்திரி. எப்போது கொத்து வெட்டுவது என்று சொல்வது அவன். ஒரு பழத்தை மென்று, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்ப்பான். விதை பழுப்பாகியிருக்க வேண்டும். நாலு வருஷம் முன்னால், "இன்னும் நாலு நாள் பொறுபா" என்றான். மழைக்குப் பயந்து நான் வெட்டச் சொன்னேன். மழை வரவில்லை. ஒயினில் வாசனையும் வரவில்லை. ஓனர் தேவராஜைத்தான் திட்டினார். நான் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே அவன் ஊருக்குப் போய்விட்டான்.

9.15. வேலூரில் பஸ் மாறினேன். காஞ்சிபுரம் எழுபது கிலோமீட்டர், அறுபது ரூபாய். பக்கத்து சீட்டுக்காரர் பையையே பார்த்தார்.

"இன்னாபா, கொழந்த மாதிரி வச்சிக்கினு வர?"

"எண்ணெய்."

"எந்த செக்குல ஆட்னது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாமல் ஏரி நிறைந்து கிடந்தது.

11.20. டவுன் பஸ்ஸில் செவிலிமேடு. தேவராஜ் இப்போது வீட்டு முன்னால் இட்லிக் கடை வைத்திருக்கிறான். மிளகு, சுக்கு, சீரகம் போட்ட இட்லி. அண்டா கழுவிக்கொண்டிருந்தான்.

"வா மேஸ்திரி" என்றான். அவ்வளவுதான்.

அவன் மனைவி சரசு பாட்டிலை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். 12.30க்குச் சாப்பிட உட்கார்ந்தோம். பாட்டில் மேலெல்லாம் பனி.

"ஜில்லுனு இருக்கட்டும்னு ஃப்ரீசர்ல வச்சேண்ணா."

டீ கிளாஸில் ஊற்றினேன். தேவராஜ் மோந்தான். ஒரு வாய் குடித்தான்.

"ஒண்ணுமே இல்லியேபா. அன்னிக்கு மாதிரியேதான் இருக்குது."

நான் பையை எடுத்தேன்.

"எங்க கெளம்பற? இந்தக் குளிர்ல வாசன எப்டி வரும்? அன்னிக்கு நாலு நாள் பொறுக்கல. இன்னிக்கு அர மணியாவது பொறு."

கிளாஸைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கிளாஸ் மேல் வேர்வை காய்ந்தது. முதலில் செண்பகப்பூ மாதிரி வந்தது. அப்புறம் பலாச்சுளை. ஓனர் ஏப்ரிகாட் வாசனை என்பார். நான் அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை. குடித்தால் நாக்கில் வழவழவென்று நின்றது. மிளகு இட்லியைக் கடித்துவிட்டுக் குடித்தேன். காரம் அடங்கியது, வாசனை ஏறியது. விடிகாலைக் கொட்டகை, ஈரக் கொடி, அவன் பால் விடாமல் போடும் கட்டங்காப்பி எல்லாம் வந்துவிட்டது.

தேவராஜும் ஒரு வாய் குடித்து, மூடிய கண்ணைத் திறந்தான்.

"இந்த வருஷம் எத்தினி நாள் பொறுத்த?"

"அஞ்சு."

"நான் நாலுதான சொன்னேன்?" சிரித்தான்.

"அன்னிக்கு வெட்டச் சொன்னது நான்தான்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன்."

"எப்போ?"

"போன மாசம்."

சரசு இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்: "இது பழுக்கவும் நாளாச்சு போல."

4.00. பஸ்ஸேற்ற வந்தான். மிச்சம் கால் பாட்டிலைத் தனக்கென்று வைத்துக்கொண்டான்.

"திரும்பி வரியா?" என்று கேட்டேன்.

"கடைய யார் பாக்கறது? வெட்றதுக்கு முன்னாடி ஒரு கொத்து அனுப்பு. மென்னு பாத்து சொல்றேன்."

ஓசூரிலிருந்து இங்கே ஆறு மணி நேரம். ஈரத்துணியில் சுற்றினால் கொத்து தாங்கும். பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக வைக்கணும்.