விளக்கெண்ணெய் விட்ட பிரேக்

வீட்டு முன்னால் காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கிறாள் என் மகள். தேய்ந்த பிரேக் பேடையும் கீறல் விழுந்த டிஸ்கையும் அவளே மாற்றுகிறாள். மெக்கானிக் எதற்கு? என் வயிற்றில் பிறந்தவள்.

“புது டிஸ்க்ல எண்ணெய்க் கைய வச்சிராதீகம்மா, பிரேக் புடிக்காது” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா ஒட்டிய தீப்பெட்டிக் கூடுகளை அப்பா சைக்கிளில் கம்பெனிக்குக் கொண்டுபோவார். பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு உரசிக் கிறீச்சிடும். பொறி பறந்தால் தீக்குச்சி மருந்து பற்றிக்கொள்ளும் என்று வாட்ச்மேனுக்குப் பயம்.

“இனிமே இந்தச் சத்தத்தோட வந்தா உள்ள விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

கூடு உள்ளே போகாவிட்டால் ஒரு வார உழைப்பு வீண். அம்மா யோசித்து, பிரேக்கில் விளக்கெண்ணெயை வழிய விட்டாள். சத்தம் போயே போய்விட்டது!

மறுநாள் மூட்டையைப் பின்னால் கட்டி, என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டார் அப்பா. கம்பெனி வாசல் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினார், சைக்கிள் பறந்தது.

“அய்யா, பிரேக்கப் புடிங்க!” என்று அப்பாவிடம் கத்தினேன்.

“புடிச்சுத்தான் இருக்கேன் தாயி!”

வாட்ச்மேன் துள்ளி விலக, தீயணைக்கக் குவித்திருந்த மணலில் போய்ச் செருகினோம். ஒரு கூடும் நசுங்கவில்லை.

“சத்தமில்லாம வரச் சொன்னா, நிக்காமலுமா வருவீக?” என்றார் வாட்ச்மேன்.

இதைக் கேட்டு என் மகள் ஸ்பானரைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். வேலை முடிந்ததும் நான்தான் முதலில் ஏறினேன். தெருமுனையில் மிதித்தாள், கார் அப்படியே நின்றது.

“இன்னொரு சுத்து போவோம்டி” என்றேன். “எதிர்வீட்டுக்காரி இன்னும் பாக்கல.”