நெலிதாவின் விரல்

நெலிதா ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டால் 'மறுபடியும்' என்று பொருள். தன் கல்யாணத்தில் பாதிரியாருக்கே அப்படி வட்டம் போட்டவள் என்று பெரு நாட்டு உவான்காயோ நகரம் முழுக்கப் பேச்சு. விசாரிக்கப் போனபோது அவள் கணவர் திருத்தினார்: "பாதிரியாருக்கு இல்லீங்க, எனக்கு. நான் மோதிரம் மாட்டினது படத்துல சரியா விழலையாம்."

அந்த ஊரில் ஞானஸ்நானமோ ஊர்வலமோ, வீடியோப் படம் பிடிக்க அவள்தான். ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. நாற்காலியில் ஏறுவாள், இறங்குவாள், சன்னல் விளிம்பில் தொற்றுவாள். பாவாடைப் பையில் வறுத்த சோளம். பதற்றம் ஏற ஏறக் கொறிக்கும் சத்தமும் ஏறும். அவள் எடுத்த படங்களில் எலி கொறிக்கிறது என்பார்கள்.

சென்ற ஞாயிறு மதியம் சிரிப்பு நாடகம் போட்டுப் பிழைக்கும் உவமானி குடும்பத்தின் கழுதை நாடகத்துக்கு விளம்பரப் படம். ஃபோர்துனாத்தோ விவசாயி வேடம். அவர் மனைவி எவுஃபேமியா கழுதை வேடத்தின் முன்பாதி, மைத்துனர் பின்பாதி. ஜூலைத் திருவிழாவில் மேடை வேண்டுமானால் திங்கள் நண்பகலுக்குள் நான்கு நிமிடப் படம் விழாக் குழுவுக்குப் போயாக வேண்டும். போன வருடம் அனுப்பியது, 'பார்வையாளர்கள் கூலிக்குச் சிரிக்கிறார்கள்' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மேடை கிடைக்காமல் ஜூலை முழுக்கக் குடும்பமே சந்தையில் கிழங்கு மூட்டை சுமந்தது.

இந்த முறை கூலிக்கு ஆளே வேண்டாமென்று ஃபோர்துனாத்தோ தன் சொந்தக்காரர்கள் நாற்பது பேரை அழைத்து உட்கார வைத்திருந்தார். வினை அங்கேதான். பிறந்ததிலிருந்து அந்தக் கழுதையைப் பார்த்தவர்கள். அது உதைப்பதற்கு முன்பே சிரித்தார்கள். முன்வரிசை அத்தை எல்லா வசனத்தையும் வாயசைத்தாள், கழுதையின் கனைப்பு உட்பட. நெலிதா மூன்று வட்டம் போட்டுப் பார்த்தாள். நான்காம் தடவை, கழுதை மேடைக்கு வருமுன்பே கைதட்டல் முடிந்துவிட்டது.

"மாமா, இவங்களுக்கு நாடகம் உங்களைவிட நல்லாத் தெரியுது."

"என் ரத்தமாச்சே," என்றார் அவர், பெருமையாக.

சோளம் நொறுங்கியது. நெலிதா திரைக்குப் பின்னால் போய், கழுதையின் வாய்க்குள் தலையை விட்டு ஏதோ சொன்னாள். திரும்பி வந்து கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

ஐந்தாம் தடவை ஃபோர்துனாத்தோ கயிற்றை இழுத்தார். கழுதை உட்கார்ந்துவிட்டது. நாடகத்தில் அப்படி ஒன்று கிடையாது. இழுத்தார், தள்ளினார், கெஞ்சினார். வியர்த்துக் கொட்டியதில் அது கழுதை என்பதே அவருக்கு மறந்துபோனது.

"எழுந்திருடி, படம் ஓடுது."

கழுதைக்குள்ளிருந்து எவுஃபேமியா பேசினாள்: "முப்பது வருஷமா உன்னையும் உன் குடும்பத்தையும் நான் இழுத்தேன். இன்னிக்கு நீ இழு."

முன்வரிசையில் வாயசைப்பு நின்றது. அப்புறம் அந்த அத்தை பக்கத்திலிருந்தவர் மடியில் சரிந்தாள். நாற்பது பேரும் முதல்முறையாக, தாமதமாக, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கேமரா இம்மிகூட ஆடவில்லை.

கூட்டம் கலைந்தபின் ஃபோர்துனாத்தோ நெலிதாவிடம் வந்தார். "எல்லாம் விழுந்துச்சா?"

தலையாட்டினாள்.

"எட்டு வருஷமா எங்களைப் படம் புடிக்கிற. எனக்கு ஒரு சிரிப்பு பாக்கி வெச்சிருக்கம்மா."

"சிரிச்சா படம் ஆடும் மாமா."

"அதான் கேமராவை மூட்டை கட்டிட்டியே."

நெலிதா ஒரு பிடி சோளத்தை வாயில் போட்டுக்கொண்டாள். அவர் மேடையேறி, கால் ஒடிவதற்கென்றே செய்த நாடக நாற்காலியில் அவளுக்காக மட்டும் உட்கார்ந்தார். மூட்டைபோல விழுந்தார். தொப்பி உருண்டு அவள் காலடிக்கு வந்தது. கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

நெலிதா சோளத்தை மறுகன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, விரலைத் தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.