தகரம் மாட்டியிருந்த சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் முதல் பாதியில் மட்டும் தேறியவன். திருச்செங்கோட்டுக்கு வெளியே, ஈரோடு போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிச் சொந்த வீடு. டவுனில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் பக்கம் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் ஊருக்கு ஒரு பஸ் நிறையத் தேறுவார்கள் என்பதால் இதில் எனக்குத் தனிப் பெருமை ஒன்றும் கிடையாது.

எனக்கென்று தனியாக இருந்தது தகரம். அந்தக் காலத்துக் கடைவாசலில் அடித்திருப்பார்களே, எனாமல் விளம்பரப் பலகைகள், அவைதான். டீத்தூள், பல்பொடி, சைக்கிள் டயர், பம்புசெட் மோட்டார். கனத்த இரும்புத் தகட்டில் பீங்கான் மாதிரிப் பூச்சு இருக்கும். எத்தனை வெயிலில் கிடந்தாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். இப்போது இதற்குப் பெரிய ஊர்களில் ஆசைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். ஓட்டல் சுவரில் மாட்டப் புதிதாகவே பழையதைச் செய்து விற்கிறார்களாம். அந்தக் கூத்து எனக்கு ஆகாது. துரு ஏறிய ஆணி ஓட்டை இல்லாத பலகையை நான் தொடமாட்டேன்.

முதலாவது கிடைத்தது வாழப்பாடியில், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில். பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக ஒரு பல்பொடிப் பலகை கிடந்தது. அப்புறம் கண் பழகிவிட்டது. மேச்சேரிப் பக்கம் ஓர் ஆட்டுப்பட்டி வேலியின் இடைவெளியை அடைத்திருந்த தகரத்தைத் துடைத்துப் பார்த்தால், ஒரு பெண் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சும்மா கேட்கமாட்டேன். வண்டியில் புதுத் தகரம் வைத்திருப்பேன். அதைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்வேன். பட்டிக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரு, புதுசக் குடுத்துட்டு ஓட்டைய வாங்கற மனுசன" என்று காட்டினார். ஆடுகள்கூட ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தன.

எல்லாவற்றையும் கூடத்துப் பெரிய சுவரில் மாட்டியிருந்தேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தால் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். சாப்பிட்டுக்கொண்டே, "இன்னைக்கு யாவாரமே இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். டீ குடிக்கிற பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். பைத்தியம் என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் ஆளில்லாத வீட்டில் தனியாகச் சோறு தின்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

போன தை மாதம் ஒரு ஜாதகம் பொருந்தியது. மேச்சேரிக்குப் பக்கத்தில் ஊர். பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. பள்ளிக்கூடத்தில் வேலை. மலைக்கோயிலில் பார்த்துக்கொண்டோம். அந்தப் பெண் படியேறியே வந்திருந்தார். எனக்கு எதிரில் வந்து நின்று, "மூச்சு வாங்குதுங்க, மொதல்ல கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கடையைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. இறங்கி வரும்போது, இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

பெண்ணுக்கும் சம்மதம் என்று தரகர் போன் செய்தார். அடுத்தது பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டும். அதற்கு முதல் நாள் அக்கா வந்திறங்கினாள். சுவரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, வாரவங்க இதையப் பாத்தா உன்னைய மாப்பளைன்னா நெனைப்பாங்க? காயலாங்கடைக்காரன்னுதான் நெனைப்பாங்க."

"இருந்துட்டுப் போவுதுக்கா."

"நீயி இப்பிடியே இருந்துட்டுப் போயிருவ. கழட்டு மொதல்ல."

கழற்றினேன். மோட்டார் ரூமில் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். சுண்ணாம்பு அடிக்க நேரமில்லை. அக்கா கிணற்றடியிலிருந்து வாசல் வரைக்கும் பெருக்கித் தள்ளியதில் சுவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பா, சித்தப்பா, அத்தை மூன்று பேரும் வந்தார்கள். பெண் வரவில்லை, வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் கிடையாது. உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தை எழுந்து போய்ச் சுவரில் ஓர் ஆணி ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். அக்கா வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தாள். வீடு பிடித்துப்போனால் கை நனைப்பார்கள். அவர்களோ தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்கள். அவர்கள் வந்தது காரில்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார்.

"ஏனுங்க, எங்கிட்டக்கூட மறைச்சுப் போட்டீங்களே."

"எதையங்க?"

"மொதக் கல்யாணத்தத்தானுங்க. செவுரு நெறைய போட்டா மாட்டியிருந்த தடம் இருக்குதாமா. அவியளுக்குத் தெரியாதுங்களா? கல்யாணப் போட்டாவெல்லாம் அவசரமாக் கழட்டிப்போட்டுக் கூப்புட்டிருக்கீங்கன்னு சொல்றாங்க."

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து பார்த்தேன். தூசியிலும் அடுப்புப் புகையிலும் மங்கிப்போன சுவர் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக இளம்பச்சைக் கட்டங்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. எங்கள் பக்கத்து வீடுகளில் கூடத்துச் சுவரில் வேறு எதை மாட்டுவார்கள்? தாலி கட்டுகிற படம், மாலையும் கழுத்துமாக நிற்கிற படம், மச்சினன் மச்சினியோடு எடுத்த படம். நானே வேறொருவன் வீட்டில் பார்த்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். அக்காவிடம் சொன்னதும் அவள் போனிலேயே ஓவென்று அழுதாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ரோஷம் வந்தது.

தரகரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பெண்ணின் அப்பாவை இன்னொரு முறை வரச் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார். அதற்குள் அத்தனை பலகையையும் பழைய இடத்திலேயே மாட்டி வைத்திருந்தேன். மாமா என்று கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல், "ஏனுங்க, இதையக் கொஞ்சம் பாருங்க" என்று ஆரம்பித்தேன். பல்பொடியைக் கழற்றினேன். அதன் தடத்தைக் காட்டினேன். திரும்ப மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. சைக்கிள் டயர், பம்புசெட், டீத்தூள். ஒன்றுவிடாமல் கழற்றிக் கழற்றி மாட்டினேன். வேர்த்துக் கொட்டியது. எந்த ஆணியில் எது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கோர்ட்டில் வாதாடி ஜெயித்தவன் மாதிரித் திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்த ஊட்டுல பொம்பளைன்னு யாரும் இருந்ததில்லீங்களா தம்பி?"

"சத்தியமா இல்லீங்க. அம்மா போனதுக்கப்பறம் நான் ஒருத்தன்தானுங்க."

"இத்தன வருசமா?"

"ஆமாங்க. இந்தத் தகரந்தானுங்க."

சொல்லும்போது குரலில் பெருமைகூட இருந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாங்க வேற நெனச்சுப் போட்டமுங்க. யாரோ ஒருத்தி வாழ்ந்துட்டுப் போயிருப்பா, ஒரு பொம்பளையோட இருந்து பழகின மனுசன்னு. எங்கூட்டுல எல்லாரும் வேண்டாம்னாங்க. பொண்ணுதான் பரவால்லீங்கப்பான்னுச்சு. நீங்க போயிப் பாத்தீங்கன்னா, அந்தம்மா போட்டாவ எனக்காவக் கழட்ட வேண்டாம், அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு சொல்லீருங்கன்னு சொல்லித்தான் அனுப்புச்சு. இப்ப இத்தன வருசமும் தகரத்தோடயே இருந்தவருன்னு போயி எப்பிடிங்க சொல்றது?"

டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவர்ப்பக்கம் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றேனுங்க தம்பி" என்றார். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் இல்லை என்றுதான் பொருள். அவரோடு மெயின் ரோடு வரை நடந்து போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்து கூடத்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். படியேறி வந்து மூச்சு வாங்கச் சிரித்த அந்தப் பெண், இல்லாத ஒருத்திக்காக என் சுவரில் இடம் விட்டு வைத்திருந்தார். நானோ பாடுபட்டு, ஆணி ஆணியாகக் கழற்றிக் காட்டி, என்னோடு இதுவரை யாருமே இருந்ததில்லை என்று நிரூபித்து அனுப்பிவிட்டேன்.