றீற்றா துடைத்த கதவு

கண்ணாடி துடைக்கும் தொழில் தொடங்கப் போவதாக றீற்றா சொன்னபோது முதலில் சிரித்தவன் நான்தான். சிரித்துக்கொண்டே அவளுக்கு ஐம்பது துண்டுப் பிரசுரங்களும் அச்சடித்துக் கொடுத்தேன். மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறவன் யாருடைய பைத்தியத்துக்கும் குறுக்கே நிற்கக் கூடாது என்பது என் கொள்கை. அதோடு, அவள் என்னுடன் ஒரே வகுப்பில் படித்தவள்.

குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் ஒன்பது வருடம் வேலை செய்தவள் அவள். அந்த வீட்டில் ஜன்னல்கள் மட்டும் நாற்பத்திரண்டு. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பும்போது டிவியும் போர்வையும் கொண்டு வருவார்கள். இவள் றப்பர் விளிம்பு வைத்த துடைப்பான் இரண்டும், இழுத்தால் நீளும் தடி ஒன்றும் கொண்டு வந்தாள்.

ஊர் மசியவில்லை. "கண்ணாடி துடைக்கவும் ஒரு ஆளா? நம்மட வீட்டில பழைய பேப்பரும் இரிக்கு, மனுசியும் இரிக்கா" என்றார் ஒருவர். இன்னொரு வீட்டில் அவளை இருத்தித் தேநீர் கொடுத்து, அவள் நீட்டிய துண்டுப் பிரசுரத்தாலேயே ஜன்னலைத் துடைத்துக் காட்டினார்கள். தாள் நல்ல தரமாம். அந்தப் பாராட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. அதே குவைத் வீட்டுக்காரர்கள் அவளைத் திரும்பக் கேட்கிறார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். கணவன் உயிரோடு இல்லை. மகள் மேர்லினுக்கு இப்போது பதினாறு. பிள்ளை பெரியபிள்ளையான சடங்கைத் தாய் போன் திரையில்தான் பார்த்தாள்.

"இன்னொருக்காப் போனா, திரும்பி வரக்குள்ள அவள் என்னை விருந்தாளி மாதிரி இருக்கச் சொல்லுவாள்" என்றாள் என்னிடம். "நிரந்தரமாத் துடைக்க ஒரு கடை கிடைச்சாப் போதும் ஜெயரூபன். நான் போகமாட்டன்."

அன்று நான் சிரிக்கவில்லை.

பக்கத்துக் கடை நல்லரத்தினம் அண்ணனுடையது. மூக்குக்கண்ணாடி விற்கும் கடை, திறந்து மூன்று வாரம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. வாவியிலிருந்து மாலையில் கிளம்பும் பூச்சியெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும். நான் போய் அவளுக்காகப் பேசினேன்.

"சனிக்கிழமை வந்து துடைக்கட்டும். பிடிச்சாக் கிழமைக்கு ஒருக்கா வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை வெள்ளெனவே வந்துவிட்டாள். கதவின் நடுவே சிவப்பாக ஒரு கறை வழிந்து காய்ந்திருந்தது. மேலே பூச்சியும் புழுதியும்.

"ஆரோ வெத்திலை துப்பி வச்சிருக்கான் பார்" என்றாள்.

நானும் பார்த்தேன். என் பங்குக்கு நானும் அந்த முகம் தெரியாதவனைத் திட்டினேன். அவள் பிளேடால் பத்து நிமிடம் சுரண்டினாள். கடையில் வேலை செய்யும் சுலோஜனா வந்து திறந்ததும் உட்பக்கமும் துடைத்தாள். முடிந்தபோது அந்த இடத்தில் கதவு இருக்கிறதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

நல்லரத்தினம் அண்ணனுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. ஒரு கையில் சாமிப்படத்துக்கு மாலை, மறு கையில் போன், பேசிக்கொண்டே நேராக நடந்தார். என் கடை அலுமாரி வரை அதிர்ந்தது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க பொட்டு?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கடை திறந்த அன்று கண்ணூறு படாமலிருக்க ஐயர் கதவில் வைத்த சந்தனமும் குங்குமமும் அது. தானாக அழியும்வரை யாரும் கைவைக்க மாட்டார்கள். மூன்று வார மழை அதை வெற்றிலைத் துப்பலாக்கியிருந்தது.

"கழுவி ஒரு மணித்தியாலம் ஆகல்ல. கண்ணூறு மூக்கிலயே அடிச்சிட்டு."

"வெத்திலைக் கறை எண்டு நினைச்சன், அண்ணன்."

"நானும் அப்படித்தான் நினைச்சன்" என்றேன்.

"நீ கொப்பி அடிக்கிறவன். உன்னை ஆர் கேட்ட?"

றீற்றா வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தாளாம். மேர்லின் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆனால் மூக்குக்கண்ணாடி விற்கிறவருக்குக் கண்ணாடிக் கதவு தெரியவில்லை என்ற செய்தியை இந்த ஊர் சும்மா விடுமா? வேலை மெனக்கெட்டு வந்து பார்த்தார்கள். பார்க்க வந்தவர்களில் சிலர் வெட்கத்துக்கு உள்ளே போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் முகைதீன்பாவா வந்து கதவைத் தடவிப் பார்த்தார். "இதத் துடைச்ச ஆளை நம்மட கடைக்கும் அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மூக்கில் பிளாஸ்டரோடு அண்ணன் என்னிடம் வந்தார். "அந்தப் பிள்ளையக் கூப்பிடு."

ஏச்சு வாங்கத் தயாராக வந்து நின்றாள் றீற்றா. அவர் கையில் ஒரு சின்னக் கிண்ணம், குழைத்த சந்தனமும் குங்குமமும்.

"கிழமைக்கு ஒருக்கா வா. ஆனா துடைச்சி முடிய நீயே பொட்டு வைக்கணும்."

"நான் வேதக்காரி, அண்ணன்."

"தெரியும். கை நடுங்காம வை. என்ட மூக்கு உயரத்துக்கு."

அவரைக் கதவோடு நிறுத்தி உயரம் பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். விரலைச் சந்தனத்தில் தோய்த்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ஏஜென்சி.

கண்ணாடியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நீ எடு ஜெயரூபன். றீற்றா வேலையில நிக்கிறா எண்டு சொல்லு."