எல்டன் வெட்டிய ஓடுதளம்

மரத்தை வெட்டுவதற்கு முன் எல்டன் ரிக்ஸ் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். பொந்து இருக்கிறதா, கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். பிறகு பூட்ஸ் காலால் அடிமரத்தில் இரண்டு உதை விட்டு, "உள்ள யாராவது இருந்தா இறங்கிடுங்க. அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்பார். அணில் ஒன்று இறங்கி ஓடும்வரை கோடரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டில் மோட்டார் ரம்பம் இருக்கிறது. அது விறகுக்கு மட்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள சரளை மேட்டில் அவர் செய்த வேலைக்கு அதை ஒருநாளும் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "சத்தம் ஜாஸ்தி" என்பார். ஆறு மைல் சுற்றளவில் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கு என்னையும் என் நாய்களையும் விட்டால் யாரும் இல்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. நெடிய உருவம், இடுப்புக்கு மேலே கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும், எதிர்க்காற்றில் நடப்பவரைப் போல. தாடியை அவர் மனைவி மார்வா வருடத்துக்கு இரண்டு தடவை வெட்டிவிடுவாள், ஈஸ்டருக்கு ஒன்று, முதல் பனிக்கு ஒன்று. வேலை செய்யும்போது ஒரு ஞானப்பாட்டை முனகுவார். மூன்று வரி போனதும் நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். "நாப்பது வருஷமா அந்த மூணு வரிதான். நாலாவது வரியில என்ன இருக்குன்னு பரலோகத்துல போய்த்தான் தெரிஞ்சுக்கப் போறாரு" என்று மார்வா சொல்லுவாள். சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபம் அதைவிடச் சின்னது. "ஆண்டவரே, இது போதும். ஆமென்." அந்த 'இது' சில பிப்ரவரிகளில் வெறும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸ் ஊறுகாயுமாக இருந்ததுண்டு. அப்போதும் அவர் ஜெபத்தில் ஒரு சொல்லும் மாறியதில்லை.

எத்தனை மரம் வெட்டினீர்கள் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"தாவீது ராஜா ஜனங்களை எண்ணினான். என்ன ஆச்சு?"

"கொள்ளைநோய் வந்துச்சு."

"தெரியுதுல்ல? அப்புறம் ஏன் கேக்குற?"

தெற்கே மக்காச்சோள வயல்களும் மாதா கோயில் மணியும் உள்ள ஊரிலிருந்து அவர் வடகோடியில் உள்ள இந்த ஆற்றங்கரைக் காட்டுக்கு வந்தபோது கூடவே வந்தது மார்வா, இரண்டு வயது மகள் திர்சா, ஓர் இரும்பு அடுப்பு, பால் கறக்கிற இரண்டு ஆடுகள். உலகத்தின் அழுக்கு ஒட்டாமல் பிள்ளைகளை ஆண்டவருக்குள் வளர்க்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதற்கு இந்த இடம் தோதுதான். ஜனவரியில் கதவின் உட்பக்கத்து ஆணித் தலைகளில் வெண்பனி பூத்து நிற்கும் குளிரில், உலகம் எங்கே வரப்போகிறது? மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டினார். கோடையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும், ஜூலையில் சால்மன் மீன், செப்டம்பரில் ஒரு மூஸ் மான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அவர்கள் வீட்டு மேசையைச் சுற்றித்தான் நடக்கும். நானும் போவேன். "பக்கத்து வீட்டுக்காரர் வந்தாச்சு, காப்பியக் கொதிக்க வை" என்று ஆற்றங்கரையிலிருந்தே குரல் கொடுப்பார்.

எங்களுக்கு ஆறுதான் சாலை. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் பனிவண்டி. விமானம் வந்தாலும் ஆற்றில்தான் இறங்கும், ஒன்று மிதவைகளோடு, இல்லையென்றால் பனிச்சறுக்குக் கட்டைகளோடு. அக்டோபரில் ஆறு உறையும் நாட்களிலும் மே மாதத்தில் பனிக்கட்டி உடைந்து புரளும் நாட்களிலும் எதுவும் வராது, எதுவும் போகாது. 

ஆற்றோரக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் விமானி சிட்னி. அவர் பல வருடங்களுக்கு முன்பே எல்டனிடம் சொன்னார். "அந்த சரளை மேட்டுல மரத்தை வெட்டி எண்ணூறு அடி சமன் பண்ணு. எந்த மாசம்னாலும் வந்து இறங்குறேன்."

எல்டன் சிரித்தார். "உலகம் வந்து இறங்குறதுக்கு நானே பாய் விரிச்சுக் குடுக்கணுமா சிட்னி?"

நாங்களும் சிரித்தோம். நல்ல பேச்சாகத்தான் இருந்தது.

இங்கே பிறந்த இளைய மகள் கெசியாவுக்கு ஒன்பது வயதான வருடம், மே மாதத்தில், காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் கழுத்து விறைத்துவிட்டது. ஆற்றில் வீட்டளவுப் பனிப்பாறைகள் மோதிக்கொண்டு போகின்றன. இருவழி ரேடியோவில் கத்தி ஹெலிகாப்டர் கேட்டோம். கீழ் ஆற்றில் வெள்ளத்தில் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தவர்களிடம் அது போயிருந்தது. சிட்னி தன் சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு மேலே இரண்டு முறை சுற்றினார். இறங்க இடமில்லை. மாத்திரைகளைச் சிவப்புத் துணியில் மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டுத் திரும்பினார். எல்டன் அந்த மூட்டையைத் தேடி இடுப்பளவு பனிச்சேற்றில் ஓடினார். திர்சா தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அந்த விமானம் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள்தான் ஆறு வழி விட்டது. கெசியா பிழைத்தாள். காது போய்விட்டது.

அந்த வருடம் செப்டம்பரில், உருளைக்கிழங்கு தோண்டும் சமயம், திர்சா மூட்டை கட்டினாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளைப் படகில் கொண்டுபோய் விடும் பொறுப்பு எனக்கு வந்ததால் அந்தக் காலை நான் அங்கே மேசையில் இருந்தேன்.

"ஆண்டவருடைய சித்தத்துக்கு மேல நம்ம..." என்று எல்டன் ஆரம்பித்தார்.

"ஆண்டவர்மேல எனக்குக் கோபம் இல்லப்பா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அவரு சிட்னிய அனுப்பினாரு. நீங்கதான் இறங்க இடம் வைக்கல."

படகு கிளம்பியபோது மார்வாவும் கெசியாவும் கரையில் நின்றார்கள். எல்டன் தோட்டத்தில் குனிந்தே இருந்தார். வளைவு திரும்பும்வரை திர்சா அந்தக் குனிந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் சரளை மேட்டில் முதல் மரத்தை வெட்டினார்.

மரம் வெட்டுவது அந்த வேலையில் பாதிகூட இல்லை. வேர்தான் வேலை. கம்பிக் கயிற்றைக் கட்டி, கையால் சுற்றும் பல்சக்கர உருளையை மாட்டி, ஒரு பல் ஒரு பல்லாக இழுக்க வேண்டும். ஒரு கட்டைக்கு ஒரு பகல் போகும். கொசு கண்ணிமை மேல் உட்காரும். உதவிக்கு வருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "உனக்கு உன் வீட்டுல வேலை இல்லையா?" என்று விரட்டிவிடுவார். ஒருமுறை கம்பிக் கயிறு நழுவி இடது மோதிரவிரல் நசுங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம்வரை வேலை செய்தார். அது கோணலாகவே கூடிக்கொண்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் கருவிகளைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார். அந்த நேரத்தில்தான் நகரத்து வானொலி ஆற்றோரத்துக்காரர்களுக்கு வந்த சேதிகளை வாசிக்கும். எங்களில் யாரிடமும் தொலைபேசி கிடையாது. ஆகவே எல்லோர் வீட்டு விஷயமும் எல்லோருக்கும் தெரியும். 'மேல் ஆற்று லூ அவர்களுக்கு: பல் டாக்டர் வியாழக்கிழமை வரச் சொன்னார், இந்தத் தடவையாவது போகவும்.' 'பீவர் ஓடை டெனிஸுக்கு: பெண் குழந்தை, இருவரும் சுகம்.' எல்டன் பேட்டரி முனையைத் தட்டி, கரகரப்பைச் சரிசெய்து, காதை ஒட்டவைத்து உட்காருவார். "வானிலை கேக்குறேன்" என்பார். வானிலை ஐந்தே முக்காலுக்கே முடிந்திருக்கும்.

கெசியா எதிரே உட்கார்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வானொலியில் வருவதை அவள் அந்த முகத்தில்தான் படிப்பாள். உதட்டசைவைப் படிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் முதுகுக்குப் பின்னால்தான் நாம் எதையும் பேச முடியும். அவள் குரல் கொஞ்சம் தட்டையாக, பலமாக வரும்.

"வரலையா?" என்பாள்.

அவர் தலையை ஆட்டுவார். இல்லை.

வருடத்துக்கு ஒருநாள், நவம்பரில், கெசியாவின் பிறந்தநாளன்று வரும். ஒரே மாதிரிதான் வரும். 'ரிக்ஸ் வீட்டுக் கெசியாவுக்கு: பிறந்தநாள் வாழ்த்து, நிறைய அன்பு. அம்மாவுக்கும் அன்பு. திர்சா.' காது கேட்காத பெண்ணுக்கு வானொலியில் வந்த சேதி. அதை அவளுக்கு வாசித்துச் சொல்ல வேண்டியவர் அந்தச் சேதியில் இல்லாத ஒருவர். எல்டன் அவள் பக்கம் திரும்பி, தாடியை ஒதுக்கிக்கொண்டு, உதடுகள் நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாக, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல் சொல்லுவார்.

"உங்களுக்கு ஒண்ணும் சொல்லலையாப்பா?" என்று ஒரு வருடம் அவள் கேட்டாள்.

"நேரம் இருந்திருக்காது" என்றார். "நிறைய பேருக்கு வாசிக்கணும்ல."

போன இலையுதிர் காலத்தில் ஓடுதளம் முடிந்தது. எண்ணூறு அடி. நான்தான் கயிறு பிடித்து அளந்தேன். அவர் அளக்க மறுத்துவிட்டார். கடைசிக் குழியை மூடிய அன்று எந்தக் கொண்டாட்டமும் இல்லை. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கெசியாதான் அன்றிரவே உட்கார்ந்து அக்காவுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். டிசம்பரில் நான் பனிவண்டியில் கிராமத்துக்குப் போனபோது ரகசியமாக அந்தக் கடிதத்தை என் பையில் திணித்தாள். "அப்பாகிட்ட சொன்னா உங்க நாயைத் திருடிருவேன்" என்று மிரட்டல் வேறு.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். வானொலி யார் யாருக்கோ எதையெதையோ சொல்லிக்கொண்டே வந்து, 'எல்டன் ரிக்ஸ் அவர்களுக்கு' என்றது. மார்வா அடுப்பருகே அப்படியே நின்றுவிட்டாள். 'ஆறு உடையும் வாரத்தில் சிட்னியோடு வருகிறேன். திர்சா.' அவ்வளவுதான். அடுத்து யாருடைய படகு மோட்டாரோ விற்பனைக்கு என்று போய்விட்டது.

எல்டனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கெசியா பதறி எழுந்தாள். "என்ன? யாரு செத்தா?"

அவர் அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. ஆனால் அவளால் அதைப் படிக்க முடியவில்லை. மார்வாதான் வந்து சொன்னாள்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் ஓடுதளத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். முட்டை அளவுக் கல் கிடந்தால் பொறுக்கி ஓரத்தில் எறிந்தார். பாட்டுச் சத்தம் வரவில்லை. மே மாதம் பதினான்காம் தேதி, ஆற்றில் பனிப்பாறைகள் இடித்துக்கொண்டு போகும் சத்தத்துக்கு மேலே சின்னதாக இன்னொரு சத்தம் கேட்டது. கெசியாவின் தோளைத் தொட்டு மேலே காட்டினேன். விமானம் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு, சரளைமேல் குலுங்கி, பாதித் தூரத்துக்குள்ளேயே நின்றது.

சிட்னி குதித்து இறங்கினார். "காத்து திரும்பப் போகுது எல்டன். முக்கால் மணி நேரம். அதுக்கு மேல நிக்க முடியாது."

திர்சா தடித்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இப்போது நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கையையும் அம்மாவையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். எல்டன் பத்தடி தள்ளி நின்றார். பிறகு அவள் அவரைத் தாண்டி, ஓடுதளத்தின் கடைசிவரை தனியாக நடந்து போனாள். ஓரமாகக் குவிந்து கிடந்த வேர்க்கட்டைகளைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். அதற்கே பத்து நிமிடம் போயிற்று.

"எத்தனை வருஷம்?"

"ஏழு கோடை."

"ஆள் சேர்த்திருக்கலாமே. இவங்க இருந்தாங்களே" என்று என்னைக் காட்டினாள்.

"அன்னிக்கு சிட்னிகிட்ட வேண்டாம்னு சொன்னது நான் மட்டும்தானே" என்றார் எல்டன்.

அவள் அருகில் வந்தாள். அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். கோணல் விரலை நோயாளியின் விரலைப் பார்ப்பதுபோல் அழுத்தியும் மடக்கியும் பார்த்தாள். "இது உடைஞ்சு, தானா கூடியிருக்கு. யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டுறதுக்கு நீ இங்க இல்லையேம்மா."

அவள் விரலை விட்டாள். கையை விடவில்லை. மார்வா காப்பி கொண்டுவந்தாள். வெட்டுண்ட கட்டைகள்மேல் உட்கார்ந்து குடித்தார்கள். பேச்சு ஆடுகளைப் பற்றியும், ஆஸ்பத்திரியில் திர்சாவுக்கு வரும் இரவு முறையைப் பற்றியும் போயிற்று. ஏழு வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மன்னிப்பு என்ற சொல் இரண்டு பக்கமும் வரவில்லை. சிட்னி கைக்குட்டையை உயர்த்திக் காற்றைப் பார்த்துவிட்டு, "போகலாம், இப்பவே" என்றார். திர்சா கோப்பையைக் கட்டைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆறு உறையும்போது வருவியா?" என்று கெசியா கேட்டாள். அவள் தட்டைக் குரல் மேடு முழுதும் கேட்டது.

"பாக்கலாம்" என்றாள் திர்சா, அவளுக்குத் தெரியும்படி மெதுவாக உதட்டை அசைத்து. அப்பாவின் கோட்டுக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

விமானம் மரங்களைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, சத்தமும் இல்லாமல் போயிற்று. பெண்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். எல்டன் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். திர்சாவின் கோப்பையில் பாதிக் காப்பி மிச்சம் இருந்தது. காற்றில் மேலே ஆடை படர்ந்து, ஒரு தேவதாரு ஊசியிலை மிதந்துகொண்டிருந்தது.

"கொட்டிருங்க. சூடா வேற போட்டுத் தர்றேன்" என்று மார்வா கூப்பிட்டாள்.

எல்டன் தொப்பியைக் கழற்றிக் கட்டைமேல் வைத்தார். கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, அவள் வாய் வைத்திருந்த பக்கமாகத் திருப்பி, நின்றபடியே, அந்தக் குளிர்ந்த எச்சில் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.